இரண்டு டின்களும் இரண்டு பங்குகளும்

கிள்ளானில் ஒரு தொடக்கப்பள்ளிக்கு எதிரே ஓர் ஒட்டுக்கடை இருக்கிறது. காலை ஆறு மணிக்கெல்லாம் அங்கே தேநீர் ஆற்றும் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். கடையை நடத்தும் அம்மாவுக்கு இரண்டு பொருள்கள் தீர்ந்துபோனால் வியாபாரம் ஓடாது. ஒன்று டின் பால், மற்றொன்று மைலோ. இரண்டும் அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் கைக்கெட்டும் உயரத்தில் அடுக்கப்பட்டிருக்கும்.

பல ஆண்டுகள் கடை நடத்தி, வீட்டுச் செலவு போக அந்த அம்மா சேர்த்து வைத்தது 8,000 வெள்ளி. மகள் படிவம் 5-இல் படிக்கிறாள். எஸ்.பி.எம். தேர்வு முடிந்து அவள் கல்லூரியில் சேரும்போது கட்டணம் கட்டவென்றே அந்தப் பணத்தை அவர் ஒதுக்கி வைத்திருந்தார்.

2025ஆம் ஆண்டுப் பள்ளி விடுமுறையில் ஒரு நாள், அம்மாவின் தம்பி கடைக்கு வந்தார். ஐஸ் மைலோவை உறிஞ்சிக்கொண்டே அலமாரியைக் காட்டினார்.

“அக்கா, நம் நாட்டில் மைலோ இல்லாத வீடு உண்டா? மேகி இல்லாத சமையற்கட்டு உண்டா? அந்த நிறுவனத்தின் பங்கு விலை இப்போது நன்றாக இறங்கியிருக்கிறது. உங்கள் பணம் வங்கியில் சும்மாதானே கிடக்கிறது? வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.”

அம்மா டின் பாலைக் காட்டினார். “அப்படிப் பார்த்தால் இதுவும் இல்லாத கடை கிடையாதே, தம்பி. இதைச் செய்கிற நிறுவனத்துக்கும் பங்கு உண்டா?”

“உண்டு. ஆனால், மைலோதான் பெரிய பெயர்.”

மகள் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அது அவளுடைய கல்லூரிப் பணம். அன்றிரவே இரண்டு நிறுவனங்களின் 2024ஆம் ஆண்டறிக்கைகளைத் தேடி எடுத்தாள். பங்குச் சந்தையில் இடம்பெற்ற ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆண்டறிக்கையைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும்; அதைப் படிக்கக் கட்டணம் இல்லை. படிப்பவர்கள்தாம் குறைவு.

முதலில் பங்கு என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். ஒரு நிறுவனத்தின் உரிமையைப் பல சம துண்டுகளாகப் பிரித்தால், ஒவ்வொரு துண்டும் ஒரு பங்கு ஆகும். பங்கை வாங்குபவர் அந்த நிறுவனத்தின் உரிமையாளர்களுள் ஒருவர் ஆகிறார். நிறுவனம் இலாபம் ஈட்டினால் அதில் ஒரு பகுதி இலாப ஈவாக அவருக்குக் கிடைக்கலாம். பங்கின் விலை ஏறினால், விற்று ஆதாயம் பெறலாம். இறங்கினால் அந்த இழப்பும் அவருடையதே. உணவு, பானம், சவர்க்காரம் போன்றவற்றைச் செய்யும் நிறுவனங்களின் பங்குகளை அத்தியாவசிய நுகர்பொருள் பங்குகள் என்பர். வேலை போனாலும் பொருளாதாரம் தளர்ந்தாலும் மக்கள் தேநீர் குடிப்பதை நிறுத்துவதில்லை. ஆகவே, இத்தகைய பங்குகள் பாதுகாப்பானவை என்ற பெயர் பெற்றுள்ளன. மாமா சொன்னதும் இதைத்தான். அவர் சொன்னதில் பாதி சரி.

மைலோவைச் செய்வது நெஸ்லே நிறுவனம். அது 1912இல் பினாங்கில் காலூன்றியது. அப்போது அது விற்ற முக்கியப் பொருள் டின் பால்தான். 1989இல் அதன் மலேசிய நிறுவனம் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. நெகிரி செம்பிலானிலுள்ள செம்போங்கில் மிகப் பெரிய மைலோ ஆலையை அது நடத்தி வருகிறது. மேகி, நெஸ்கேஃபே, கிட்கேட் ஆகியவையும் அதன் பொருள்களே.

அம்மாவின் கடையிலுள்ள டின் பாலைச் செய்வது ஃபிரேசர் அண்ட் நீவ். மக்கள் அதை எஃப் அண்ட் என் என்றே அழைக்கின்றனர். 1883இல் சிங்கப்பூரில் சோடா தண்ணீர் தயாரிக்கத் தொடங்கப்பட்ட தொழில் அது. நூறாவது ஆண்டைக் கொண்டாட அது 1983இல் வெளியிட்ட பானத்தின் பெயரிலேயே அந்த நூறு இருக்கிறது: 100 பிளஸ். அதன் மலேசிய நிறுவனமும் பங்குச் சந்தையில் உள்ளது.

வரலாற்றைப் புரட்டியபோது மகளுக்கு ஒரு வியப்பான செய்தி கிட்டியது. மலேசியாவிலும் தாய்லாந்திலும் நெஸ்லே நடத்தி வந்த டின் பால் தொழிலை 2007இல் எஃப் அண்ட் என் வாங்கிக்கொண்டது. ஒரு நிறுவனம் எந்தப் பொருளை வைத்துக்கொண்டு இந்நாட்டுக்கு வந்ததோ, அந்தப் பொருளையே பிறிதொரு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது. அம்மாவின் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு டின்களும் ஒரு காலத்தில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்!

அடுத்து, எண்களைப் பார்த்தாள். இங்கே ஒன்றை அவள் சரியாகக் கவனித்தாள். நெஸ்லேயின் கணக்காண்டு டிசம்பரில் முடிகிறது. எஃப் அண்ட் என்னின் கணக்காண்டு செப்டம்பரிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டு அறிக்கைகளின் மேலும் 2024 என்றே அச்சிட்டிருந்தாலும் அவை குறிக்கும் பன்னிரண்டு மாதங்கள் ஒன்றல்ல. எனவே, இரண்டையும் அருகருகே வைக்கும்போது சிறு வேறுபாடுகளுக்கு அதிக மதிப்புத் தரக்கூடாது என்று குறித்துக்கொண்டாள்.

2023இல் நெஸ்லே ஏறத்தாழ 7.05 பில்லியன் ரிங்கிட்டுக்கு விற்பனை செய்து, ஏறத்தாழ 660 மில்லியன் ரிங்கிட் நிகர இலாபம் ஈட்டியது. 2024இல் விற்பனை 6.2 பில்லியனாகக் குறைந்தது. இலாபமோ 416 மில்லியனை ஒட்டி நின்றது. விற்பனை குறைந்தது எட்டில் ஒரு பங்கு. இலாபம் குறைந்ததோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்!

“இது எப்படி?” என்று மகள் கேட்டாள். பதிலை அம்மாவே சொன்னார்.

“கடை வாடகை, மின்சாரம், வேலைக்கு இருக்கும் அக்காவின் சம்பளம் எல்லாம் நூறு கோப்பை விற்றாலும் அதேதான், எண்பது கோப்பை விற்றாலும் அதேதான். கடைசி இருபது கோப்பையில்தான் எனக்கு மிச்சம் நிற்கும். அந்த இருபது விற்காவிட்டால், வேலை செய்ததற்குக் கைவலிதான் மிச்சம்.”

பொருளியல் நூல்கள் ‘நிலையான செலவு’ என்று இதைப் பல பக்கங்களுக்கு விளக்குகின்றன. கடை நடத்துபவர்களுக்கு அது மனப்பாடம்.

விற்பனை ஏன் குறைந்தது? மேற்கத்தியப் பெயர் கொண்ட பொருள்களைத் தவிர்க்க வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்தில் நுகர்வோருள் ஒரு சாராரிடம் இருந்தது. விலைவாசி ஏறியதால் சிலர் மலிவான பொருள்களுக்கு மாறினர். இவற்றோடு மூலப்பொருள் விலையும் சேர்ந்துகொண்டது. மைலோவுக்கும் சாக்லேட்டுக்கும் கோகோ வேண்டும். உலகின் கோகோவில் பெரும்பகுதி மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளில் விளைகிறது. அங்கு மழை தவறியும் மரங்களுக்கு நோய் கண்டும் விளைச்சல் குன்றியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு டன்னுக்கு 2,500 அமெரிக்க டாலரை ஒட்டி இருந்த கோகோ, 2024இல் 10,000 டாலரைத் தாண்டியது. காப்பிக்கொட்டை விலையும் அவ்வாண்டு கடுமையாக ஏறியது. கானாவில் ஒரு குடியானவரின் தோட்டத்தில் மரம் பட்டுப்போவதற்கும் கிள்ளானில் ஐஸ் மைலோவின் விலைக்கும் தொடர்பு உண்டு.

மூலப்பொருள் விலை ஏறினால் பொருளின் விலையை ஏற்றிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஏற்றலாம். ஆனால், வாங்குபவர் உடனிருக்க வேண்டும். அம்மா ஐஸ் மைலோவுக்கு இருபது சென் கூட்டிய வாரத்தில் பள்ளிப் பிள்ளைகள் சிலர் சிராப் பக்கம் போய்விட்டனர். சிலர் வழக்கம்போல் வந்தனர். எத்தனை பேர் போகிறார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதில்தான் ஒரு பெயரின் உண்மையான வலிமை தெரியும். விலையை ஏற்றியும் வாடிக்கையாளரை இழக்காத நிறுவனமே உறுதியானது. நெஸ்லேக்கு அந்த வலிமை நெடுங்காலம் இருந்தது. 2024இல் அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பது தெரிந்தது.

எஃப் அண்ட் என் பக்கம் காற்று வேறு விதமாக வீசியது. 2023, 2024 ஆகிய இரண்டு கணக்காண்டுகளிலும் அதன் நிகர இலாபம் 540 மில்லியன் ரிங்கிட்டை ஒட்டியே இருந்தது. விற்பனை 5 பில்லியனிலிருந்து 5.25 பில்லியனாக ஏறியது.

“அப்படியென்றால் டின் பால்தான் நல்லது. முடிந்ததா கணக்கு?” என்றார் அம்மா.

முடியவில்லை. மகள் பழைய செய்திகளையும் தேடிப் படித்திருந்தாள். இந்த நிறுவனத்துக்கும் கெட்ட காலம் வந்திருக்கிறது. 2011ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். பல ஆண்டுகளாகக் கொக்கா கோலாவைப் போத்தலில் அடைத்து விற்கும் உரிமை இந்நாட்டில் எஃப் அண்ட் என்னிடம் இருந்தது. அந்த ஒப்பந்தம் அவ்வாண்டு செப்டம்பரில் முடிவுக்கு வந்தது. கொக்கா கோலா தன் பானத்தைத் தானே தயாரிக்கத் தொடங்கியது. அடுத்த மாதமே தாய்லாந்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அயுத்தயா மாநிலத்தில் ரோஜானா தொழிற்பேட்டையில் இருந்த எஃப் அண்ட் என் பால் ஆலை நீரில் மூழ்கியது. பட்ட காலிலே படும் என்பார்களே, அதுபோல இரண்டு அடிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அந்த நேரத்தில் இப்பங்கை வைத்திருந்த ஒருவர் எத்தனை இரவு தூங்கியிருப்பார்? நிறுவனம் மீண்டு எழுந்ததை இன்று நாம் அறிவோம். அன்று அவர் அறிந்திருக்க மாட்டார்.

இன்றும் அதன் வருவாயில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் தாய்லாந்திலிருந்தே வருகிறது. இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. ஒரு நாட்டில் வியாபாரம் தளர்ந்தால் மற்றொரு நாடு தாங்கிப் பிடிக்கும். ஆனால், தாய்லாந்து நாணயமான பாட்டின் மதிப்பு ரிங்கிட்டுக்கு எதிராகக் குறைந்தால், அங்கே ஈட்டியது இங்கே வரும்போது சுருங்கிவிடும். இனிப்புப் பானங்களின் மீதான வரியும் கவனிக்க வேண்டிய ஒன்று. 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென்னாகத் தொடங்கிய அந்த வரி, 2024இல் 50 சென்னாகவும் 2025இல் 90 சென்னாகவும் உயர்த்தப்பட்டது. மக்களின் உடல் நலத்துக்காக அரசாங்கம் போட்ட வரி அது. நீரிழிவு நோய் மலிந்துவிட்ட நாட்டில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆயினும், சர்க்கரையைக் குறைத்துப் பானத்தின் செய்முறையை மாற்ற வேண்டிய கட்டாயம் பானம் விற்பவர்களுக்கு ஏற்படுகிறது.

இதுவரை பார்த்தவை இரண்டு நிறுவனங்களைப் பற்றியவை. நிறுவனம் வேறு, அதன் பங்கின் விலை வேறு. முதலீட்டில் பலரும் இடறி விழும் இடம் இதுதான்.

மகள் ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். நெஸ்லேக்கு 234.5 மில்லியன் பங்குகள் உள்ளன. 2024இன் இலாபத்தை அவற்றுக்குப் பகிர்ந்தால், ஒரு பங்கு ஈட்டியது ஏறத்தாழ 1 ரிங்கிட் 77 சென். அவ்வாண்டு இறுதியில் ஒரு பங்கின் விலை ஏறத்தாழ 100 ரிங்கிட். அதாவது, ஆண்டுக்கு 1.77 ரிங்கிட் சம்பாதிக்கும் ஒன்றுக்கு மக்கள் 100 ரிங்கிட் கொடுத்தார்கள். இலாபம் அப்படியே நின்றால், கொடுத்த விலையை அது ஈட்டித் தர 56 ஆண்டுகள் ஆகும். எஃப் அண்ட் என்னுக்கு ஏறத்தாழ 367 மில்லியன் பங்குகள். ஒரு பங்கு ஈட்டியது 1 ரிங்கிட் 48 சென். விலை 28 ரிங்கிட்டை ஒட்டி. இதற்கு 19 ஆண்டுகள். இந்த எண்ணை விலை–இலாப விகிதம் என்பர்.

“ஐம்பத்தாறு ஆண்டா?” என்று அம்மா வாய்விட்டுச் சிரித்தார். “பக்கத்துக் கடையை யாராவது விற்க வந்தால், மாதம் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டு, நாலைந்து ஆண்டில் போட்ட பணம் திரும்புமா என்றுதான் பார்ப்பேன். ஐம்பத்தாறு ஆண்டு காத்திருக்க என்னால் ஆகாது.”

அம்மாவின் ஒப்பீடு சற்றுக் கடுமையானது. ஒட்டுக்கடை நாளை மூடப்படலாம். நூறாண்டு கடந்த நிறுவனம் அவ்வளவு எளிதில் மூடப்படாது. அந்த நம்பிக்கைக்கும் மக்கள் விலை கொடுக்கிறார்கள். தவிரவும், 2024 நெஸ்லேக்குத் தாழ்ந்த ஆண்டு. 2023இன் இலாபத்தைக் கொண்டு கணக்கிட்டால், அதே 100 ரிங்கிட்டுக்கு 36 ஆண்டுகள்தாம் வரும். எந்த ஆண்டின் இலாபத்தை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். பங்கை விற்க வருபவர் தமக்குச் சாதகமான ஆண்டையே எடுத்துக்காட்டுவார்.

“ஆனால், விலை இறங்கியிருக்கிறது என்று மாமா சொன்னாரே! 2025இன் முதல் மாதங்களில் இன்னும் இறங்கிவிட்டது. மலிவாகக் கிடைக்கிறது என்றுதானே பொருள்?” என்றார் அம்மா.

மகள் மேலும் பின்னோக்கிச் சென்றாள். 2018இல் நெஸ்லே பங்கு 150 ரிங்கிட்டைத் தாண்டி விற்றது. அந்த ஆண்டின் நிகர இலாபமும் 2023ஆம் ஆண்டின் நிகர இலாபமும் ஏறத்தாழ ஒன்றே: 660 மில்லியனை ஒட்டியவை. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் விற்பனை கால் பங்குக்கும் மேல் கூடியிருந்தும் இலாபம் நின்ற இடத்திலேயே நின்றது. ஆனால், 2018இல் 150 ரிங்கிட் கொடுத்தவர்கள் இலாபம் ஆண்டுதோறும் வளரும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். 2024 இறுதியில் அவர்கள் கையில் இருந்தது 100 ரிங்கிட் பங்கு. இடையில் ஒரு பங்குக்குக் கிடைத்த இலாப ஈவு எந்த ஆண்டிலும் மூன்று ரிங்கிட்டை எட்டவில்லை. அதையெல்லாம் கூட்டினாலும் இழந்த 50 ரிங்கிட் திரும்பாது. விலை 150-இலிருந்து 130-க்கு இறங்கியபோதும் ‘மலிவு’ என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள்.

மைலோ அந்த ஆறு ஆண்டுகளிலும் ருசியாகத்தான் இருந்தது. நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் இலாபம் ஈட்டியது. தவறு பொருளில் இல்லை. வாங்கிய விலையில் இருந்தது.

அதே விதி எஃப் அண்ட் என்னுக்கும் பொருந்தும். 19 ஆண்டு என்பது 56-ஐவிடக் குறைவு என்பதற்காக அது தானாகவே நல்ல முதலீடு ஆகிவிடாது. இங்கே இலாப ஈவையும் பார்க்க வேண்டும். நெஸ்லே தன் இலாபத்தை ஏறத்தாழ முழுவதுமாகப் பங்குதாரர்களுக்குக் கொடுத்துவிடும் வழக்கமுடையது. எஃப் அண்ட் என் 2024இல் பங்குக்கு 60 சென்னுக்குச் சற்று மேல் கொடுத்தது. இது இலாபத்தில் பாதியைவிடக் குறைவு. மீதியை என்ன செய்கிறது? நெகிரி செம்பிலானில் கிம்மாஸ் வட்டாரத்தில் ஒரு பெரிய பால் பண்ணையை அது உருவாக்கி வருகிறது. அதற்கான முதலீடு ஒரு பில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல். இறக்குமதிப் பால் மாவையே பெரிதும் நம்பியிருக்கும் நம் நாட்டில் இது துணிவான முயற்சி. பண்ணை செழித்தால், இன்று குறைவாக ஈவு பெறுபவர் நாளை கூடுதலாகப் பெறுவார். வெப்ப நாட்டில் கறவை மாடுகளைப் பெருமளவில் வளர்ப்பதில் சிக்கல் வந்தால், பணம் புல்லோடு போய்விடும்.

அம்மாவுக்கு இது உடனே புரிந்தது. மிச்சப் பணத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்வதா, கடைக்குப் புது அடுப்பு வாங்குவதா என்பது அவர் ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு முன்பு எடுக்கும் முடிவு.

ஈவை விலையோடு ஒப்பிட்டபோது இன்னொன்று தெரிந்தது. 2024 இறுதி விலையில், நூறு வெள்ளியை நெஸ்லேயில் போட்டால் ஆண்டு ஈவு இரண்டு வெள்ளிக்கும் குறைவு. எஃப் அண்ட் என்னில் போட்டால் இரண்டே கால் வெள்ளியை ஒட்டி. ஆபத்தில்லாத வங்கியின் நிலையான வைப்பே அக்காலத்தில் மூன்று விழுக்காட்டை ஒட்டி வட்டி தந்தது. ஊழியர் சேமநிதி வாரியம் 2024ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடு இலாப ஈவு அறிவித்தது. ஆகவே, இவ்விரு பங்குகளில் எதை வாங்குபவரும் கையில் வரும் ஈவுக்காக வாங்குவதாகச் சொல்ல முடியாது. விலை ஏறும், இலாபம் வளரும் என்ற எதிர்பார்ப்பே அவரை வாங்க வைக்கிறது. நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.

மறுவாரம் மாமா வந்தபோது நாட்காட்டித் தாள் மேசைமேல் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அவர் அதை நிதானமாகப் படித்தார். கோபித்துக்கொள்ளவில்லை. அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்பதை நாமும் மறக்கக்கூடாது.

“சரி, கண்ணு. ஆனால், நெடுங்காலம் வைத்திருந்தால் நல்ல நிறுவனங்கள் கைவிடுவதில்லை. அதையும் எழுதிக்கொள்” என்றார்.

“நெடுங்காலம் என்றால் எத்தனை ஆண்டு, மாமா?”

“பத்து, பதினைந்து.”

“எனக்கு அடுத்த ஆண்டே கட்டணம் கட்ட வேண்டுமே!”

மாமா பேசாமல் ஐஸைக் கரண்டியால் கிளறினார். பத்து ஆண்டு காத்திருக்கக் கூடிய பணமும் அடுத்த ஆண்டு தேவைப்படும் பணமும் ஒரே வகைப் பணம் அல்ல. விலை மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் 8,000 வெள்ளி 5,300 வெள்ளி ஆகிவிடும். பத்தாண்டு பொறுக்கக் கூடியவருக்கு அது கவலை. கல்லூரிப் பதிவு நாளன்று பணம் எடுக்க வேண்டியவருக்கு அது இழந்துவிட்ட இடம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருந்தது. நம் பங்குச் சந்தையில் பொதுவாக நூறு நூறு பங்குகளாகவே வாங்க வேண்டும். 2024 இறுதி விலையில் நெஸ்லேயின் நூறு பங்குகளுக்கு 10,000 வெள்ளி வேண்டும். அம்மாவிடம் அவ்வளவு இல்லை. பின்பு இறங்கிய விலையில் வாங்குவதானாலும் அவருடைய சேமிப்பில் பெரும்பகுதி ஒரே பங்கில் போய்விடும். எஃப் அண்ட் என்னின் நூறு பங்குகள் 2,800 வெள்ளிக்குக் கிடைத்திருக்கும். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பவர்களுக்கு, அளப்பதற்காவது இடம் கொடுப்பது இரண்டாவதுதான்.

எந்தப் பங்கு மேலானது என்ற கேள்விக்கு மகள் எழுதிய விடை இது: “2024இன் விலையில் எஃப் அண்ட் என் நெஸ்லேயைவிட நியாயமாகத் தெரிகிறது. நெஸ்லேயின் இலாபம் பழைய நிலைக்குத் திரும்பி, விலை இறங்கியே இருந்தால் என் விடை மாறலாம். இந்தப் பணத்துக்கு இரண்டுமே பொருந்தாது.” மூன்று வாக்கியங்களில் மூன்றாவதை எழுதத்தான் அவளுக்கு அதிக நேரம் பிடித்தது.

அம்மா 8,000 வெள்ளியைக் கல்லூரிப் பதிவுக்கு முன்பே முதிர்ச்சியடையும் நிலையான வைப்பில் போட்டார். வங்கிக்கு ஏதாவது நேர்ந்தாலும் ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரையிலான வைப்புத்தொகைக்கு நம் நாட்டில் காப்புறுதி உண்டு.

ஆண்டறிக்கைகளைத் திருப்பித் தரும் முன்பு அம்மா அவற்றின் பின்பக்கங்களைப் புரட்டினார். அங்கே மிகப் பெரிய பங்குதாரர்களின் பட்டியல் இருந்தது. நெஸ்லேயில் ஏறத்தாழ 72 விழுக்காடு சுவிட்சர்லாந்திலுள்ள தாய் நிறுவனத்தினுடையது. எஃப் அண்ட் என்னிலும் பாதிக்கு மேற்பட்ட பங்குகள் சிங்கப்பூரிலுள்ள தாய் நிறுவனத்திடம் இருந்தன. நூறு பங்கு வைத்திருப்பவரின் குரல் இவர்களுக்கு முன் எவ்வளவு கேட்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஆனால், அம்மாவின் விரல் அடுத்த வரிகளில் போய் நின்றது. இரண்டு பட்டியல்களிலும் ஊழியர் சேமநிதி வாரியத்தின் பெயர் இருந்தது.

கடை தொடங்கும் முன்பு அம்மா ஏழு ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்திருந்தார். அப்போது சம்பளத்தில் பிடித்த பணம் இன்னும் அந்த வாரியத்தில்தான் இருக்கிறது.

“அப்படியென்றால், இந்த இரண்டு டின்னிலும் எனக்குக் கொஞ்சம் பங்கு ஏற்கெனவே உண்டு என்று சொல்” என்றார் அவர்.

“ஒரு கரண்டி அளவு இருக்கும், அம்மா.”

மகளுக்கு அடுத்த ஆண்டு பதினெட்டு வயது நிறையும். அப்போது அவள் தன் பெயரிலேயே பங்குக் கணக்குத் திறக்கலாம். அதுவரை பணம் போடாமல் கவனிப்பது என்று முடிவு செய்து, ஒரு புதிய நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்திகள் வரைந்தாள். ஒவ்வொரு காலாண்டு அறிக்கை வரும்போதும் விற்பனை, இலாபம், பங்கு விலை மூன்றையும் அதில் எழுதிக்கொண்டு வருகிறாள். அம்மா மூன்றாவது பத்தி ஒன்றையும் சேர்க்கச் சொன்னார். மொத்தக் கடையில் அந்த மாதம் டின் பாலும் மைலோவும் என்ன விலை, எதை எத்தனை டின் வாங்கினோம் என்பது அதில் இருக்கிறது. அந்தப் பத்தியை மட்டும் அம்மாவே தம் கையால் நிரப்புகிறார்.